பெண்ணைப் பிடித்திருக்கிறது, வயா போடிமெட்டு

இடுக்கி மலையில் மழை, மண்சரிவு, தூரம் மூன்றையும் ஒரே ஆளாக நின்று தோற்கடித்தவர் ஒருவர் உண்டென்றால் அது எங்கள் வயா சார்தான். எழுபதுகளில், தேவிகுளத்துக்கும் சூரியநெல்லிக்கும் நடுவே ஒரு சின்னத் தபாலாபீஸ். அங்கே அவர் தந்தி வாங்கி அனுப்பினார். நான் ஸ்டாம்பு விற்றேன். யார் எந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி "வயா எது?", அதாவது எந்த ஊர் வழியாக, என்பதுதான். அதனால் வயா சார். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள நாளில் மட்டும் வெளியே வரும்.

மதுரையில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிய எஸ்டேட் கங்காணி இவரிடம் வழி கேட்டுவிட்டார். இவர் சொன்ன குறுக்குவழியில் போனவர், பந்தி முடிந்து பாத்திரம் கழுவும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். வழி நெடுக பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததே, அதைச் சொல்ல மாட்டானா என்பது சாரின் வருத்தம்.

அவருடைய தீராத ஆத்திரம் போடியிலிருந்து வரும் தந்தி. மலை விளிம்பில் நின்றால் போடி கீழே கண்ணுக்குத் தெரியும். ஆனால் அங்கே அடித்த தந்தி மதுரை, மெட்ராஸ், எறணாகுளம், கோட்டயம் என்று தேசாந்திரம் போய், இளைத்துக் களைத்துத்தான் எங்களிடம் வரும். பொறுக்க மாட்டாமல் சார் ஒரு வழி கண்டுபிடித்தார். போடிமெட்டு வழியாக, டெலிபோன் இருக்கும் இடத்திலெல்லாம் ஒரு ஆளைச் சிநேகம் பிடித்தார். ஒருவர் காதில் வாங்கி அடுத்தவர் காதில் போட வேண்டும். ஒரு கம்பி அறுந்தால் உடனே வேறு ஆள், வேறு வழி. அவர்களில் யாரையும் அவர் நேரில் பார்த்ததில்லை. ஆனால் ஒருவருடைய இருமலும் இன்னொருவருடைய அம்மாவின் முட்டிவலியும் அவருக்கு அத்துப்படி. சூரியநெல்லியில் பிறந்த குழந்தை முதல் அழுகையை முடிப்பதற்குள் போடியில் தாத்தா மிட்டாய் கொடுத்துக்கொண்டிருப்பார் என்று ஊரில் பேச்சு. அவர் போட்ட சட்டம் ஒன்றுதான்: சொல் கூடினால் வழி அடைத்துக்கொள்ளும், அதனால் வெட்டு.

அந்தச் சமயத்தில் போடியிலிருந்து ஒரு வாத்தியார் மாப்பிள்ளையின் வீட்டார் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். என் அப்பாவுக்கு இங்கே டீ பாக்டரியில் வேலை. ஊருக்குப் போய்ப் பதில் சொல்கிறோம் என்று அவர்கள் கிளம்பினார்கள். வயா சார் பஸ் வரைக்கும் கூடவே போய், தந்தி அடிக்க வேண்டாம், போடி டெலிபோன் எக்சேஞ்சில் தன் பெயரைச் சொன்னால் போதும் என்று சொல்லி அனுப்பினார்.

எனக்குப் பல்வலி வந்து, லீவு போட்டு மூணாறு போன அன்றைக்குத்தான் பதில் புறப்பட்டது. "தபாலாபீஸ் பெண்ணை எங்களுக்குப் பிடித்திருக்கிறது" என்று சொல்லிவிட்டார்கள். அடுத்தவர் சட்டப்படி வெட்டி, "தபாலாபீஸ் பொண்ணைப் பிடிச்சிருக்கு" என்றார். நடுவில் இருந்தவர் மலையாளி. அவர் வாயில் அது "பெண்ணினெ பிடிச்சு" ஆயிற்று. கையால் பிடித்தாலும் மலையாளத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அவரிடம் வாங்கிய கடைசி ஆள் இரக்க மனசுக்காரர். பதறிப்போய் விவரமாகவே சொன்னார்: "சார், உங்க ஆபீஸ் பொண்ணைப் போடியில பிடிச்சு வச்சிருக்காங்களாம்."

சார் திரும்பிப் பார்த்தார். என் நாற்காலி காலி. பல்வலி லீவு வெறும் சாக்கு, பதில் வரும்வரை பொறுக்காமல் நான் மாப்பிள்ளையைத் தேடிப் போய் மாட்டிக்கொண்டேன் என்று முடிவு கட்டினார். என்னைக் காப்பாற்ற அதே வழியில் ஒரு செய்தி அனுப்பினார்: "பொண்ணை விட்ருங்க." அந்த வழியில் ஒரு எழுத்தும் மாறாமல் போய்ச் சேர்ந்தது அது ஒன்றுதான். பெண் வீட்டார் நம்மை வேண்டாமென்று சொல்கிறார்கள் என்று மாப்பிள்ளை வீட்டில் எடுத்துக்கொண்டார்கள்.

சார் பதறிக்கொண்டு அப்பாவிடமும் போய்ச் சொல்லிவிட்டார். சாயங்காலம் நான் பஸ்ஸை விட்டு இறங்கினால் எஸ்டேட் லயத்து வீடுகளின் ஜனம் முழுக்க நிற்கிறது. உண்மையில் எங்கே போனாய் என்று அப்பா கேட்டார். பல் பிடுங்கிய வாயில் பஞ்சு. என்னால் பேச முடியவில்லை. கன்னம் வேறு வீங்கியிருந்தது. "அடிச்சிருக்காங்க" என்று ஒரு அக்கா மெதுவாகச் சொன்னாள். சார் மட்டும் நிம்மதியாக இருந்தார். தன் செய்தி போனதால்தான் என்னை விட்டார்கள் என்று நம்பினார்.

வீட்டில் பிடுங்கிய பல்லைக் காட்டியதும் அப்பா நம்பினார். ஊர் முழுக்க அதைக் காட்டிக்கொண்டு திரிய முடியுமா? குழாயடிக்கு நான் போனால் பேச்சு நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எப்போதும் முன்னால் உட்காரும் அப்பா, கடைசியில் போய்த் தலை குனிந்து உட்கார்ந்தார். ஸ்டாம்பு வாங்க வருகிறவர்களின் முகத்தைப் பார்க்கக் கூசி, கைகளை மட்டும் பார்த்து விற்றேன்.

திங்கட்கிழமை அப்பா அந்தப் பல்லைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து, சார் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். சார் அதைப் பார்த்தார், டெலிபோனை எடுத்தார். நீ என்ன கேட்டாய், என்ன சொன்னாய் என்று ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டே போடிவரை போனார். ரிசீவரை வைத்தவர், தபால் மூட்டைமேல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் கழித்து என்னிடம் வந்தார்.

"என் கெட்டிக்காரத்தனத்தை உன் தலையில கொட்டிட்டேன் தாயி."

நான் பதில் சொல்லவில்லை. அப்போது என் வாயில் பஞ்சு இல்லை.

மறுநாள் அவர் போடி பஸ் ஏறிவிட்டார். அங்கே நடந்ததைப் பின்னால் வாத்தியார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உள்ளே வரச் சொன்னதற்கு மாட்டேன் என்று தெருவிலேயே நின்று, அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்கும்படி, பெண்மேல் ஒரு தப்பும் இல்லை, புத்திகெட்டவன் நான்தான் என்று, ஒரு சொல்கூட வெட்டாமல் சொன்னாராம். வேண்டாமென்று சொன்ன வீட்டுக்கு நாம் எதற்குப் போகவேண்டும் என்று வாத்தியாரின் அம்மா அப்போதும் இறங்கிவரவில்லை. வாத்தியார்தான் சட்டையை மாட்டிக்கொண்டு அவருடன் கிளம்பினார்.

அன்று சாயங்காலம் கவுண்ட்டர் கம்பிக்கு வெளியே ஒரு கை வந்து நின்றது. எத்தனை ஸ்டாம்பு என்று குனிந்தபடியே கேட்டேன்.

"ஸ்டாம்பு வேண்டாங்க. எனக்குப் பிடிச்சிருக்கு. யார்கிட்டயும் சொல்லிவிடாம நானே வந்துட்டேன். உங்களுக்கு?"

நிமிர்ந்தேன். அவர் தோளுக்குப் பின்னால், வாசலுக்கு வெளியே, உள்ளே வர முகமில்லாமல் வயா சார் நின்றிருந்தார். கையில் குடை இருந்தும் விரிக்கவில்லை.

"பிடிச்சிருக்கு" என்றேன். "முதல்ல சாரை உள்ள கூட்டிட்டு வாங்க. மழையில நனையுறாரு."