வாழ்நாள் துணை, மூன்று கட்டம்

அந்த ஆண்டின் கடைசிக் குறுக்கெழுத்துப் புதிரைத் தன்னந்தனியாகப் போடுவது என்று முடிவு செய்தேன். முடிவு செய்தேன் என்பது சற்று மிகை. முடிவு செய்யப்பட்டது என்பதே சரி. எங்கள் வீட்டில் பல வாக்கியங்கள் செயப்பாட்டு வினையில்தான் முடியும்.

இப்போது அந்தப் புதிர் வந்த இணையத்தளம் இல்லை. முகவரியைத் தட்டினால் பக்கம் கிடைக்கவில்லை என்று வருகிறது. ஆனாலும் சனிக்கிழமை காலையில் என் விரல் தானாகவே அதைத் தட்டிப் பார்க்கும். உள்ளேயிருந்து மனைவி, "வந்துதா?" என்பாள். "இல்ல," என்பேன். "சரி, அடுத்த வாரம் பாக்கலாம்," என்பாள். வராது என்பது இருவருக்கும் தெரியும். கேட்காமல் விட்டால்தான் சனிக்கிழமை சனிக்கிழமையாக இருக்காது.

அப்போது எங்கள் கணினி, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே உள்ள நடையில் இருந்தது. எனக்கு ஒரு நாற்காலி, அவளுக்கு ஒரு முக்காலி. இணையம் இன்றைக்குப் போல் பாய்ந்து வராது, யோசித்து யோசித்து வரும். புதிர் மேல் வரிசையிலிருந்து ஒவ்வொரு கட்டமாக இறங்கும். முழுக்க இறங்குவதற்குள் முதல் வரிசையின் விடையை அவள் சொல்லியிருப்பாள்.

புதிரை அமைத்தவரைக் கட்டத்தார் என்று அழைப்போம். யாரும் அவரை நேரில் பார்த்ததில்லை. நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர் என்பார்கள். ஊரான் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் பழகிய கை, ஓய்வுக்குப் பின் தமிழைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டது. சனிக்கிழமை புதிர் வரும். ஞாயிறு மாலைக்குள் விடைகளை அனுப்ப வேண்டும். ஒருவர் எத்தனை முறை அனுப்பினாலும் கடைசியாக வந்ததே கணக்கு. திங்களன்று விடையும், எல்லாம் சரியாகப் போட்டவர்களின் பட்டியலும், கட்டத்தாரின் குறும்பான குறிப்புகளும் வரும்.

பட்டியலில் இருந்தவர்கள் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. சொந்தக்காரர்களை விட மேல், ஏனென்றால் வீட்டுக்கு வரமாட்டார்கள். கப்பல் இன்ஜினியர் ஒருவர் துறைமுகத்துக்குத் துறைமுகம் விடை அனுப்புவார். நடுக்கடலில் இருக்கும் வாரம் அவர் பெயர் இல்லாவிட்டால் என் மனைவி கவலைப்படுவாள். பல் டாக்டர் ஒருவர் நோயாளிகளுக்கு நடுவே புதிர் போடுவார். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடம் விடை கேட்க முடியவில்லையே என்பது அவருடைய நெடுநாள் குறை.

என் பெயர் அதில் பிழைபொறுக்கி என்று வரும். பாடநூல் அச்சிடும் அச்சகத்தில் நான் மெய்ப்புப் பார்ப்பவன். அரிசியில் கல் பொறுக்குவதுபோல் எழுத்தில் பிழை பொறுக்குபவன் என்று சக ஊழியர்கள் வைத்த பட்டம். கௌரவமாக ஏற்றுக்கொண்டேன். மனைவிக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களைச் சுவரில் உள்ள எழுத்துகளைப் படிக்கச் சொல்லிக் கண்ணைச் சோதிப்பாள். இருவருக்கும் எழுத்துதான் பிழைப்பு. நான் எழுத்தைத் திருத்துவேன், அவள் வாசகரைத் திருத்துவாள்.

புதிர் போடுவதில் எங்கள் வேலைப் பிரிவினை தெளிவானது. ஒரு சனிக்கிழமை இப்படி ஒரு குறிப்பு வந்தது: 'கடி, பிறகு ஓர் இழுப்பு, தபாலில் வரும் (4)'. புள்ளி வைத்த எழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு என்பதால் நாலு.

"கடிதம்," என்றாள்.

"கடி சரி. தம்னா?"

"சிகரெட்ல ஒரு இழுப்பு."

"எந்த அகராதில இருக்கு?"

"பெட்டிக்கடை அகராதில. உங்க அச்சகத்துல எல்லாரும் டீ வேளைக்கு முன்னாடியே வெளிய போறாங்களே, எதுக்குன்னு நினைச்சீங்க?"

காற்று வாங்க என்று நினைத்திருந்தேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து.

ஆக, அவள் விடை சொல்வாள். நான் அதில் எழுத்துப்பிழை இல்லை என்று உறுதி செய்து தட்டச்சு செய்வேன். கட்டத்தாரின் குறிப்பில் ஒற்று விடுபட்டிருந்தால் தனிக் கடிதம் எழுதிச் சுட்டிக்காட்டுவேன். இதை அவள், 'நாம சேர்ந்து போடறோம்' என்பாள். நான் போடுகிறேன், அவள் கூட இருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருமுறை, பெயர் போடும் இடத்தில் அவளையும் சேர்த்தால் என்ன என்று கேட்டாள். படிவத்தில் 'பெயர்' என்று ஒருமையில்தான் இருக்கிறது, 'பெயர்கள்' என்று இல்லை என்று விளக்கினேன்.

"ஓ," என்றாள்.

ஓ என்பது ஓரெழுத்து ஒருமொழி. அதற்கு இலக்கண நூல்கள் சொல்லும் பொருள்களைத் தவிர இன்னும் சில உண்டு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அந்த வருடம் கட்டத்தார் ஓர் அறிவிப்புச் செய்திருந்தார். ஆண்டு முழுக்க ஒரு வாரம்கூடத் தவறாமல் எல்லா விடைகளையும் சரியாக அனுப்புபவர், அடுத்த ஆண்டின் முதல் புதிரைத் தாமே அமைக்கலாம். எனக்குப் பொன்னாடை வேண்டாம், பொற்கிழி வேண்டாம். ஊரிலுள்ள புத்திசாலிகள் எல்லாரும் ஒரு சனிக்கிழமை நான் போட்ட கட்டத்தில் மாட்டிக்கொண்டு தலையைச் சொறிய வேண்டும். அது போதும். கடைசி வாரத்துக்கு முந்தைய வாரம் வரை பிழைபொறுக்கி தவறவே இல்லை. கப்பல்காரர் கடலில் தவறியிருந்தார். பல் டாக்டர் ஒரு கடைவாய்ப்பல்லினால் தவறியிருந்தார். மிஞ்சியது நான் ஒருவன்தான்.

பல் டாக்டரே தொலைபேசியில் கூப்பிட்டுப் பாராட்டினார். எப்படி சார் இது முடிகிறது என்று கேட்டார். மனிதனுக்குப் பெருமை வரும்போது பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது மறந்துவிடுகிறது.

"என்ன டாக்டர், பெருசா ஒண்ணும் இல்ல. தனியா உக்காந்து யோசிக்கறதுதான்."

தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினேன். மனைவி எழுந்துவிட்டாள். எழுந்ததோடு முக்காலியையும் தூக்கிக்கொண்டாள்.

"அதை எங்க எடுத்துட்டுப் போற?"

"தனியா யோசிக்கறவருக்கு இடைஞ்சல் எதுக்கு? இடம் தாராளமா இருக்கட்டும்."

கடைசிப் புதிரை நான் தனியாகப் போடுவது என்று முடிவு செய்யப்பட்டது இப்படித்தான்.

சனிக்கிழமை வந்தது. புதிர் இறங்கியது. சமையலறையில் முக்காலியில் உட்கார்ந்து அவள் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். நான் தோளை நிமிர்த்திக்கொண்டேன். 'விட்டொழி, பின் தலை. கைதியின் கனவு (4)'. விடு, தலை. விடுதலை. நானே கண்டுபிடித்தேன். இதைச் சமையலறைக்குக் கேட்கும்படி இரண்டு தரம் சொன்னேன். அவரைக்காய் பதில் சொல்லவில்லை.

மத்தியானத்துக்குள் ஏறக்குறைய எல்லாம் முடிந்தது. இரண்டே இரண்டு மிஞ்சின. இரண்டும் மூன்று மூன்று கட்டம். இரண்டுக்கும் கடைசி எழுத்து பொது.

கீழ்நோக்கி இது: 'உள்ளத்தின் முதலில் தவி, கேட்டால் கிடைக்கும் (3)'. உள்ளத்தின் முதலெழுத்து உ. அதுவரை சரி. 'தவி' என்று எச்சமும் இல்லாமல் முற்றும் இல்லாமல் ஒரு சொல்லை நடுத்தெருவில் நிறுத்தலாமா? யார் தவிப்பது? எழுவாய் எங்கே? கட்டத்தாருக்கு எழுத வேண்டிய கடிதத்தை மனத்துக்குள் எழுதி முடித்தேன். விடை வரவில்லை.

குறுக்கே இது: 'மனத் தொடக்கத்தில் வினை திரும்பி வந்தால் வாழ்நாள் துணை (3)'. நடு எழுத்து னை என்று ஏற்கெனவே விழுந்திருந்தது. இந்த வாக்கியத்தின் இலக்கணத்தையும் வெகுநேரம் ஆராய்ந்தேன். அதிலும் குறைகள் இருந்தன.

அவளிடம் கேட்பதில்லை என்பது கௌரவப் பிரச்சினை. ஆனால் பேசக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. சாதாரணமாகப் பேசுகிற மாதிரி பேசி விடையைக் கறந்துவிடலாம். தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குப் போனேன்.

"ஏம்மா, இந்த உலகத்துல கேட்டா கிடைக்கறது என்னென்ன?"

"எதைக் கேட்டா?"

"சும்மா, பொதுவா."

"பொதுவா கேட்டா, பொதுவா திட்டு கிடைக்கும்."

"உ-ல ஆரம்பிக்கற மாதிரி ஏதாவது?"

அவள் நிமிரவில்லை. "உதை."

"இன்னும் கொஞ்சம் நீளமா?"

"உப்பு. கடையில கேட்டா கிடைக்கும். தீர்ந்துபோச்சு, வாங்கிட்டு வந்துடுங்க."

போய் வாங்கி வந்தேன். வழியெல்லாம் உப்பைக் கட்டத்தில் வைத்துப் பார்த்தேன். 'பு' என்று முடியும். னை-க்குப் பிறகு பு வைத்தால் எந்தச் சொல்லும் தேறவில்லை. உப்பைக் கொடுத்துவிட்டு, மறுபடி தண்ணீர் குடித்தேன். அவள் பெருமூச்சு விட்டாள். பழைய நினைப்பில் மூழ்கினவள் போலச் சொன்னாள்:

"நம்ம காலத்துல எல்லாம் எவ்வளவு சுலபம். உங்க வீட்லேர்ந்து வந்து ஒரு வார்த்தை கேட்டாங்க. எங்கப்பா சரின்னுட்டார். கேட்ட உடனே கிடைச்ச உறவு."

உறவு. உ, ற, வு. மூன்று கட்டம்.

"ஆமாமா," என்று சொல்லிவிட்டு ஓடாத குறையாகக் கணினிக்குப் போனேன். பெண்பார்க்கப் போன அன்று எங்கள் அக்கா தப்பான வீட்டுக் கதவைத் தட்டியதைப் பற்றி அவள் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னொரு நாளாக இருந்தால் நின்று கேட்டிருப்பேன்.

'வு' விழுந்ததும் மற்றதும் தானே திறந்துகொண்டது. னை, வு. நினைவு! நினைத்தல் ஒரு வினை. மனத்தில் தொடங்குவது. திரும்பத் திரும்ப வருவது. வாழ்நாள் முழுக்கத் துணையாக இருப்பது. கட்டத்தாரை மனமாரப் பாராட்டினேன். இலக்கணம் போனால் போகிறது, மனிதருக்குள் ஒரு கவிஞர் இருக்கிறார். விடைகளை அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை முடி வெட்டிக்கொள்ளப் போனேன். வெற்றி பெற்றவனுக்கு முடி ஒழுங்காக இருக்க வேண்டும்.

திங்கள் காலை அச்சகத்தில் பட்டியலைத் திறந்தேன். பிழைபொறுக்கி இல்லை. மறுபடி பார்த்தேன். மெய்ப்புப் பார்ப்பவன் எதையும் இருமுறை பார்ப்பான். இல்லவே இல்லை. பட்டியலின் முடிவில் மட்டும் ஒரு நீளமான பெயர், பக்கத்துப் பத்திக்குள் முழங்கையை நீட்டிக்கொண்டு நின்றது: 'மனைவியும் பிழைபொறுக்கியும்'.

கீழே கட்டத்தாரின் குறிப்பு: 'உ, பிறகு தவி: உதவி. ம, பிறகு வினை திரும்பினால் னைவி: மனைவி. நண்பர் பிழைபொறுக்கி சனிக்கிழமை அனுப்பிய விடையில் இவை இரண்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மனைவியே மனைவியை அனுப்பிவைத்தார். உதவியும் உடன் வந்தது. கடைசியாக வந்ததே கணக்கு என்பதால், இந்த ஆண்டு ஒரு வாரமும் தவறாத இவ்விருவருக்கும் வாழ்த்துகள்.'

அதற்குக் கீழே, வாசகர்கள் எழுதும் இடத்தில், பல் டாக்டர் பல்லெல்லாம் தெரியச் சிரித்திருந்தார். ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து கப்பல்காரரும் கையசைத்திருந்தார்.

மாலையில் வீட்டுக்குப் போனதும் நேராக விஷயத்துக்கு வந்தேன்.

"உறவுன்னு வேணும்னேதானே சொன்ன?"

"நான் நம்ம கல்யாணக் கதையச் சொன்னேன். அதை எடுத்துட்டு ஓடிப்போய்க் கட்டத்துல போட்டது யாரு?"

"கேட்டேனே உன்ன."

"எங்க கேட்டீங்க? வேவு பாத்தீங்க. 'இது வரலம்மா, வந்து பாரு'ன்னு ஒரு தரம் கேட்டிருந்தா அங்கேயே சொல்லியிருப்பேன். விடைதான் குறிப்புலயே இருந்துதே, கேட்டால் கிடைக்கும்னு."

இதற்கு இலக்கணத்தில் பதில் இல்லை. அதனால் படிவத்துக்குத் தாவினேன். பெயர் என்று ஒருமையில் இருந்த இடத்தில் இருவர் பெயரைப் போட்டது முறையா என்றேன்.

"ரெண்டு பக்கமும் 'உம்' சேத்தா ஒண்ணா நிக்கும். எண்ணும்மையோ என்னமோ சொல்லிக் குடுத்தீங்களே."

சொல்லிக் கொடுத்திருந்தேன். திருமணமான புதிதில், மழையில் ஒரு பேருந்து நிறுத்தத்தில், பேச வேறு எதுவும் தோன்றாமல். அதை அவள் இத்தனை வருடம் வைத்திருந்தாள்.

அந்த வாரம் முழுக்க ஆண்டின் முதல் புதிரை அமைத்தோம். நாற்காலியில் அவள், முக்காலியில் நான். அவள் சொற்களை வெட்டுவாள், கவிழ்ப்பாள், ஒன்றின் வயிற்றில் இன்னொன்றை ஒளித்து வைப்பாள். நான் கட்டம் போட்டுக் கருப்படித்தேன். டீ ஆறிப்போனது தெரியவில்லை. ஒரு குறிப்பை அவள் சொல்லி, அது எனக்கு விளங்கச் சற்று நேரமாகி, விளங்கியதும் நான் சிரிக்க, நான் சிரிப்பதற்காகவே அவள் காத்திருந்து பிறகு சிரித்தாள். என் வாழ்க்கையில் நான் பிழை பார்க்க மறந்துபோன வாரம் அது ஒன்றுதான்.

புதிரை அனுப்பியபின் கட்டத்தாரிடமிருந்து ஒரு சின்னச் சிக்கல் வந்ததாகச் சொன்னாள். அமைத்தவர் பெயர் போடும் இடம் குறுகல். எங்கள் பெயர் அடங்கவில்லையாம். கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டிருந்தாராம்.

"என்ன சொன்ன?"

"பிழையை எடுத்துடுங்கன்னு சொன்னேன். அது உங்களுக்கும் பிடிக்கும்தானே?"

பிடிக்கும் என்றேன். என் தொழிலுக்கு அவள் காட்டிய மரியாதையில் நெகிழ்ந்துகூடப் போனேன்.

சனிக்கிழமை காலை புதிர் மேலிருந்து மெல்ல மெல்ல இறங்கியது. முதலில் வந்தது தலைப்பு. அடுத்து வந்தது, உலகத்திலுள்ள எல்லாப் புத்திசாலிகளும் படிக்கும்படி, தடித்த எழுத்தில், ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லாமல்: 'அமைத்தவர்கள்: மனைவியும் பொறுக்கியும்'.