கிளட்சுக்கு எட்டுப் பேர்

உலகத்தில் உள்ள கோளாறுகள் அத்தனைக்கும் கிளட்ச்தான் காரணம் என்று நம்பிய ஒரே மனிதரை நான் மலாயாவில், பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பார்த்திருக்கிறேன். ரப்பர் ஸ்டோரில் இன்ஜின் ஓட்டியவர். பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். தோட்டத்துக்கு அவர் கிளட்ச் அண்ணன். புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால், "ரெண்டு பிளேட்டும் ஒட்டல" என்பார். என் பள்ளிக்கூடத்தில் திக்கித் திக்கிப் படித்த பையனைப் பார்த்து, "வாத்தியாரே, இவனுக்குக் கிளட்ச் வழுக்குதுலா" என்று வைத்தியம் சொல்லவே வந்துவிட்டார். நான் தோட்டத்து வாத்தியார், அந்தஸ்து உள்ளவன். "போய் இன்ஜினுக்கு எண்ணெய் ஊத்துங்க" என்று பிள்ளைகள் முன்னால் விரட்டினேன்.

ஜப்பான்காரன் வந்தான். துரை தன் பழைய மோட்டார் சைக்கிளை பங்களாவிலேயே போட்டுவிட்டு ஓடிப்போனார். அதன்மேல் ஜப்பான் அதிகாரி ஒருவருக்கு ஆசை வந்தது. ஏறி முறுக்கினார். இன்ஜின் போட்ட சத்தத்தில் ஊர் கூடியது. சக்கரம் மட்டும் அசையவில்லை. கிளட்ச் அண்ணனை அழைத்தார்கள். அவர் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். பெண் வீட்டார் சம்மதம் சொன்ன மாப்பிள்ளை தோற்றான்.

அதே வாரம்தான் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை.

ஸ்டோரைப் பூட்டிவிட்டதால் வண்டி அண்ணனின் லயத்து வீட்டுக்கே வந்தது. கிளட்ச் பிளேட்டில் பதித்திருந்த தக்கைகள் தேய்ந்து கருகியிருந்தன. மருந்து பாட்டில் தக்கைகளை வெந்நீரில் ஊறவைத்து, பிளேட்டின் ஓட்டைகளில் அடித்து இறக்கி, மட்டமாக அராவினால் தீர்ந்தது. ஓர் ஆளுக்கு இரண்டு நாள் வேலை.

எத்தனை நாளாகும் என்று அதிகாரி கேட்டார். தோட்டத்து ஆபீஸ் கணக்கரான பெரிய கிராணி மொழிபெயர்த்தார்.

"தக்கை ஊறவைக்க ஒரு ஆள், ராவ ஒரு ஆள், பிளேட் தொடைக்க ஒரு ஆள். ஸ்பிரிங் நாலு இருக்கு, அதுக்கு நாலு ஆள்" என்றார் அண்ணன்.

"ஒரு ஸ்பிரிங்குக்கு ஒரு ஆளா?" என்றார் கிராணி.

"ஒருத்தனே நாலையும் தொட்டா டென்ஷன் மாறிப்போயிரும். இங்கிலீஷ் படிச்ச ஐயாவுக்குத் தெரியாததா? துவானுக்கும் தெரிஞ்சிருக்குமே" என்று அதிகாரி பக்கம் கும்பிட்டார்.

கிராணி தெரியும் என்று தலையாட்டினார். ஒரு கிராணிக்குத் தெரிந்தது தனக்குத் தெரியாமல் போகலாமா என்று அதிகாரியும் தலையாட்டினார். ஏழு பேர் சயாம் பட்டியலிலிருந்து நீங்கினார்கள்.

அதன்பிறகு அந்த வீடு ஒரு அரசாங்க இலாகா ஆகிவிட்டது. நாலு பேர் ஆளுக்கொரு ஸ்பிரிங்கை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். "நீ மூணாம் நம்பர். ரெண்டாம் நம்பர் பக்கம் கையைக் கொண்டு போகாத" என்று அண்ணன் அதட்டிக்கொண்டே உலாத்துவார். ஒரே சட்டியில் ஒருநாள் தக்கை வெந்தது, மறுநாள் மரவள்ளிக்கிழங்கு. ருசியில் பெரிய வித்தியாசம் இல்லை என்று சாப்பிட்டவர்கள் சொன்னார்கள்.

பிறகு பட்டியலில் என் பெயர் வந்தது. மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். வெட்கத்தை விட்டு அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். "அண்ணே" என்றேன். அதற்குமுன் அவரை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

"ஸ்பிரிங்குக்கெல்லாம் ஆள் ஆயிருச்சே வாத்தியாரே" என்று தாடையைச் சொறிந்தார். "உங்களுக்கு என்ன வேலை தெரியும்?"

"பாடம் நடத்துவேன். கணக்குப் போடுவேன்."

"பத்து வரைக்கும் எண்ணுவீங்கல்ல? போதும்லா."

மறுநாள் கிராணியிடம், "கிளட்சைப் பிடிச்சு விடுறதுக்கு நடுவுல எண்ணணும். அதைப் படிச்ச ஆள்தான் எண்ணணும்" என்றார். இரண்டு தலைகளும் ஆடின. நான் எட்டாவது ஆளானேன்.

வண்டி லயத்துக்கு வந்த மூன்றாம் மாதத்தில் அதிகாரியின் பொறுமை தீர்ந்தது. நாளைக்கு வண்டி ஓட வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஓடாவிட்டால் அண்ணன் தலை போகும். ஓடிவிட்டால் எங்கள் எட்டுப் பேருக்கும் சயாம்.

காலையில், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் மொத்தத் தோட்டமும் நின்றது. அதிகாரி வண்டியில் ஏறினார். நான் எண்ணினேன். பத்தில் அவர் கிளட்சை விட, வண்டி புறப்பட்டுக் களத்தின் கோடிவரை கம்பீரமாகப் போனது. அங்கே இன்ஜின் அலற, வண்டி நின்றது. தக்கையை அளவுக்கு மீறி அராவியிருந்தார்கள். அது அண்ணனின் திட்டமா, அவர் வேலையின் லட்சணமே அதுதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதிகாரி நடந்துவந்து விட்ட அறையில் அண்ணன் மண்ணில் உருண்டார். எழுந்து வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினார். கூடவே ஒரு பல்லும் விழுந்தது.

"கிளட்ச் சரியாயிருச்சு துவான், அதான் வண்டி ஓடுச்சு. இப்போ கோளாறு கியர்பாக்ஸ்ல. ஓட்டுனப்பவே துவான் கண்டுபிடிச்சிருப்பீங்க. அதுக்குப் பன்னண்டு ஆள் வேணும்."

கிராணி மொழிபெயர்த்தார். அதிகாரி வண்டியைப் பார்த்தார், கிராணியைப் பார்த்தார். தானும் அதையேதான் நினைத்ததாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

ஓடிப்போய் அண்ணனைத் தாங்கினேன். "வலிக்குதாண்ணே?"

"வலி கெடக்கட்டும் வாத்தியாரே" என்றவர், என் காதருகே குனிந்தார். "கியர்பாக்ஸுக்குள்ள என்னதான் இருக்கும்? நான் தொறந்து பார்த்ததே இல்லையே."

எங்கள் பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட சயாமுக்குப் போகவில்லை. என் மகள் பிறந்தபோது நான் வீட்டில் இருந்தேன். அன்று அந்தக் களத்திலேயே அண்ணன் காலில் விழ வேண்டும்போல் இருந்தது. நாலு பேர் பார்க்கிறார்களே, வாத்தியாராயிற்றே என்று நின்றுவிட்டேன். விழுந்திருக்கலாம்.