கமா கிராணி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் மூச்சு விடுவதற்குக்கூட ஆங்கில இலக்கணம் பார்த்த மனிதர் ஒருவர்தான். எழுபதுகளின் நடுவில், சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் நான் சின்னக் கிராணியாக, அதாவது இளநிலைக் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது அவர் அங்கே பெரிய கிராணி. பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. தோட்டத்துக்கு அவர் கமா கிராணி.

தமிழில் பேசினாலும் ஆங்கில நிறுத்தக்குறிகளை வாய்விட்டுச் சொல்வார். விடியுமுன் வேலையாட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவது இப்படி: "பெருமாள் கமா, அஞ்சலை கமா, ராசு ஃபுல்ஸ்டாப்." புதிதாக ரப்பர் பால் வெட்ட வந்த ஒருவர் சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"யாருண்ணே அந்தக் கமா? இத்தன தடவ கூப்புடுறாரு, ஒரு நாளும் வர மாட்டேங்குறானே. பேர எடுத்துரலாம்லா."

ஒருமுறை தோட்டத் துரையின் நாற்காலிக்கடியில் பாம்பு. கமா கிராணி எழுந்து நின்றார். வாக்கியம் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்பதால், உட்கார்ந்தபடி அவர் பேச்சைத் தொடங்குவதில்லை. "சார் கமா, உங்கள் காலடியில் கமா" என்று அவர் வருவதற்குள் பாம்பு பொறுமையிழந்து வெளியே போய்விட்டது. அப்போதும் ஆச்சரியக்குறி போடவில்லை. அது குடிகாரர்களுக்கு உரியது என்பது அவர் கட்சி. 'ஹீ' என்று ஆரம்பித்து வினைச்சொல்லில் 'எஸ்' போடாதவன் பால் நிறுவையிலும் ஏய்ப்பான் என்று மனதார நம்பினார்.

ஆபீசில் காப்பி கலக்கும் முனியம்மா அக்காவுக்கு அவரைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது. "காப்பி கமா, சீனி கம்மி ஃபுல்ஸ்டாப்" என்று கோப்பையை வைப்பார். கிராணி சிரிக்காமல் நன்றி சொல்வார், குறியோடு.

ஒரு கிறிஸ்மஸுக்குக் கேக் கொண்டுவந்த அவர் மனைவி கிரேஸ் அக்காதான் எங்களிடம் விஷயத்தைச் சொன்னார். "அவருக்குச் சின்ன வயசுல திக்குவாய். கமான்னு சொன்னா மூச்சு வந்துரும், அடுத்த வார்த்தையும் வந்துரும். அப்படியே பழகிட்டாரு." நான் பாதிக் கேக்கைத் திருப்பித் தட்டில் வைத்தேன்.

கிரேஸ் அக்கா திடீரென்று இறந்துபோனார். தேவாலயத்தில் படிக்க, அவருடைய வாழ்க்கைக் குறிப்பைக் கிராணியே ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். ஈப்போவில் பெரிய வேலையில் இருந்த மைத்துனர் தடுத்தார்.

"மச்சான், பெரிய மனுசங்கள்லாம் வாராங்க. கமா கிமான்னு சொன்னா சிரிப்பாங்க லா. நான் படிக்கிறேன்."

"என் மனைவி கமா, நான்தான் படிப்பேன் ஃபுல்ஸ்டாப்."

கடைசியில், குறிகளைச் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டு மேடையேறினார். முதல் சொல்லே மனைவியின் பெயர். அது வரவில்லை. உதடு துடித்தது, கழுத்து நரம்பு புடைத்தது, முதல் எழுத்திலேயே நின்றார். யாரோ இருமினார்கள். மைத்துனர் தாளை வாங்க எழுந்தார்.

கடைசி வரிசைக்குப் பின்னால், தலையில் முக்காட்டோடு நின்றிருந்த முனியம்மா அக்காவின் குரல் கேட்டது. "கமா போட்டுக்குங்கய்யா. ஒண்ணும் அவசரமில்ல, நாங்க இங்கதான் இருக்கோம்."

கிராணி நிமிர்ந்து பார்த்தார். "கமா" என்றார். பிறகு "கிரேஸ்" என்றார். கடைசி வரி வரைக்கும் ஒரு குறி விடாமல் படித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. மைத்துனர்தான் முதலில் அழுதார்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது முனியம்மா அக்காவிடம் கேட்டேன், "இனிமே அவரக் கேலி பண்ண மாட்டீங்கதான?"

"பண்ணாமயா? நாம எல்லாம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நின்னா அவரு வீட்ட விட்டே வர மாட்டாரு தம்பி. அங்க அவருக்கு யாரு இருக்கா?"

திங்கட்கிழமை, அவர் வந்து எங்கள் பெயர்களைக் கூப்பிட வேண்டுமே என்று, தோட்டமே நேரத்தோடு பெரட்டுக் களத்துக்கு வந்து இருட்டில் காத்து நின்றது.