ஆரவார நாட்டின் தாகத்துறை

ஆரவார நாட்டுக்கு ஓர் அரசர் இருந்தார். அரசருக்கு நாங்கள் இருந்தோம். எங்களுக்குச் சடுகுடு இருந்தது. இந்த மூன்றில் எது இல்லாமல் போனாலும் மற்ற இரண்டும் நிலைக்காது என்று எங்கள் அரசியல் சாசனத்தின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்ததாகச் சொல்வார்கள். நாங்கள் யாரும் படித்துப் பார்த்ததில்லை.

சடுகுடு ஆடுவதற்காக அரசர் ஒரு பெரிய அரங்கம் கட்டினார். மேல் படிக்கட்டில் உட்கார்ந்தால் ஆட்டக்காரர்கள் எறும்பு மாதிரிதான் தெரிவார்கள். ஆனால் அரசர் மேடை எங்கிருந்து பார்த்தாலும் நன்றாகத் தெரியும்படி கட்டியிருந்தார்கள். ஆட்ட நாளில் குடும்பம் குடும்பமாகப் புளிச்சோறு, வேர்க்கடலை, சொம்பு நிறையத் தண்ணீர் எல்லாம் தூக்கிக்கொண்டு போவோம். தின்போம், குடிப்போம், கத்துவோம். கத்துவதில் எங்களை மிஞ்ச அக்கம்பக்கத்து நாடுகளில் ஆள் கிடையாது. நாட்டுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை.

ஒருநாள் யாரோ எறிந்த கொய்யாப்பழம் நடுவரின் முதுகில் விழுந்தது. நடுவர் துடைத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார். ஆனால் மறுவாரம் வாசலில் ஒரு பலகை தொங்கியது: ‘நாட்டின் பாதுகாப்பை முன்னிட்டு வெளியிலிருந்து உணவும் நீரும் கொண்டுவரத் தடை.’ பலகைக்குப் பக்கத்தில் தாகத்துறை அமைச்சர் அம்பலத்தரசர் நேரிலேயே நின்றார். அப்படி ஒரு துறை இருப்பது எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

"புளிச்சோத்துல என்னங்க ஆபத்து?" என்று முன்னால் நின்ற ஒருவர் கேட்டார்.

அமைச்சர் தூக்குப்பாத்திரத்தைத் திறக்கச் சொல்லி உள்ளே நெடுநேரம் பார்த்தார். "இதில் மிளகாய் வற்றல் இருக்கிறதா இல்லையா?"

"இருக்குதுங்க."

"பகைவர் கண்ணில் தூவுவது எதை?"

நாட்டுக்கு இவ்வளவு பெரிய ஆபத்தை இத்தனை நாள் மடியில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறோமே என்று வெட்கப்பட்டுப் பாத்திரங்களை வாசலில் கவிழ்த்துவிட்டு உள்ளே போனோம்.

உள்ளே ஒரே ஒரு கடை திறந்திருந்தது. நடத்தியவர் அரசரின் மைத்துனர் இன்னமுதர். அங்கே ‘தேசிய அமுது’ விற்றார்கள். தண்ணீரில் கொஞ்சம் வெல்லம், கொஞ்சம் சாயம். விலையைக் கேட்டபோது எங்களுக்கு முதலில் தாகமே போய்விட்டது. வெயில் ஏற ஏறத் திரும்பி வந்தது. வாங்கிக் குடித்தோம். அடுத்தடுத்த வாரங்களில் கோப்பை சிறுத்துக்கொண்டே வந்தது. சிறிய கோப்பை கைக்கு அடக்கமாக இருப்பதாக அறிஞர்கள் எழுதினார்கள்.

விலையைப் பற்றி நாங்கள் முணுமுணுக்கத் தொடங்கினோம். முணுமுணுப்பு அரசர் காதுக்குப் போனது. அவர் நல்ல மனது உள்ளவர். உடனே ஓர் ஆணை பிறந்தது: இனி அரங்கத்துக்கு வரும் ஒவ்வொருவருக்கும் உப்புக்கடலை இலவசம்.

அன்று நாங்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துச் சடுகுடுக்காரர்களே நின்றுவிட்டார்கள். பொட்டலம் பொட்டலமாகக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பொட்டலத்திலும் அரசர் சிரித்தார். கடலையை விட உப்பு அதிகம்தான். இலவசமாகக் கிடைப்பதில் குறை சொல்லலாமா? இரண்டு பொட்டலம் தின்றோம். அப்புறம் அமுதுக் கடையில் வரிசையில் நின்றோம். கடலைக்கும் வரிசைக்கும் உள்ள தொடர்பு எங்களில் சிலருக்கு அப்போதே புரிந்தது. புரிந்தவர்கள் மூன்றாவது பொட்டலம் வாங்கப் போயிருந்தார்கள்.

தாகம் தாங்காமல் சிலர் பாதி ஆட்டத்தில் வெளியே ஓட ஆரம்பித்தார்கள். வாசலுக்கு வெளியே புங்க மரத்தடியில் பூவாத்தா என்ற பெண் மோர்ப்பானை வைத்திருந்தாள். சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் கிள்ளிப் போட்டு, உப்பை அளந்து போட்ட மோர். குடிப்பவர்கள் கொடுப்பதை வாங்கிக்கொள்வாள். அவள் புருஷன் தவசி எங்கள் நாட்டின் முதல் சடுகுடு வீரன். ஒரே மூச்சில் மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்புவான். இடைவேளையில் அவனுக்கு மோர் கொண்டுபோய்க் கொடுப்பதற்காகத்தான் அவள் முதன்முதலில் அந்தப் பானையையே வைத்தாள்.

எங்கள் ஓட்டத்தை அமைச்சர் கவனித்தார். ‘ஆட்டம் முடியும்வரை வெளியேறுவது ஆட்டக்காரர்களை அவமதிப்பதாகும்’ என்று ஆணை வந்தது. வாசல் பூட்டப்பட்டது. பூவாத்தா சொம்போடு வந்து காவலரிடம் மன்றாடினாள்.

"ஐயா, ஆடுறவருக்குக் கொண்டு போறேன். தொண்டை நனைஞ்சாத்தான் பாட்டு வரும். விடுங்க."

காவலர் அமைச்சரை அழைத்துவந்தார். அமைச்சர் பரிவோடுதான் பேசினார். "அம்மா, ஆடுகளம் எங்கே இருக்கிறது?"

"உள்ளதான்."

"அரங்கத்துக்குள் இருக்கிறது. அரங்கத்துக்குள் வெளிநீர் கூடாது. சட்டத்தின் முன் வீரனும் ஒன்று, வேடிக்கை பார்ப்பவனும் ஒன்று. இந்தச் சமத்துவத்துக்காக எத்தனை நாடுகள் ஏங்குகின்றன தெரியுமா?"

"அவரு மயங்கி விழுந்தா நீங்க தூக்குவீங்களா?"

"அது நலத்துறை," என்றார் அமைச்சர்.

அன்று இடைவேளையில் தவசி அமுது வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்றான். நாங்கள் அவனைத் தொட்டுப் பார்த்தோம், வாழ்த்தினோம், வீட்டுக் குழந்தைகளைத் தூக்கிக் காட்டினோம். இடத்தை மட்டும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. வரிசை பாதி நகர்வதற்குள் மணி அடித்துவிட்டது. தவசி வெறும் தொண்டையோடு களத்துக்குத் திரும்பினான். கோட்டைத் தாண்டி, "சடுகுடு சடுகுடு" என்று பாடிக்கொண்டே போனான். நடுவழியில் "சடு" என்றவன் வாயைத் திறந்தபடி நின்றான். குரல் வரவில்லை. முழங்கால் மடிந்து மண்ணில் சாய்ந்தான். எதிரணிக்காரர்கள்கூட அவனைப் பிடிக்கவில்லை. அப்படியே நின்றார்கள்.

வெளியே பூவாத்தா பூட்டிய கதவை இரண்டு கையாலும் அறைவது கேட்டது. எங்கள் அரங்கத்தில் அப்படி ஓர் அமைதி அதற்கு முன் இருந்ததில்லை. அப்போதுதான் எங்களுக்குக் கோபம் வந்தது. "தண்ணி! தண்ணி!" என்று எழுந்தோம். படிக்கட்டுகள் அதிர்ந்தன. அரசர் மேடையில் திரை இழுக்கப்பட்டது. கதவைத் திறந்துவிட்டார்கள். பூவாத்தா ஓடிவந்து தவசியின் தலையை மடியில் வைத்து, மோரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். அவன் கண் திறந்தான்.

இன்னும் கொஞ்ச நேரம் நாங்கள் கத்தியிருந்தால் நாட்டின் வரலாறே மாறியிருக்கும் என்று இன்றைக்கும் பேசிக்கொள்கிறோம். அதற்குள் அம்பலத்தரசர் ஒலிபெருக்கியோடு வந்துவிட்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"மக்களே! நீங்கள் கேட்பது தண்ணீரை அல்ல. உரிமையை!"

நாங்கள் தண்ணீரைத்தான் கேட்டோம். ஆனால் உரிமை என்று கேட்டதும் நெஞ்சு விம்மியது. கை தட்டினோம்.

"இன்றோடு தாகத்துறையை விட்டு விலகுகிறேன். ஒரே கடை என்ற கொடுமை ஒழியட்டும். எந்தக் கோப்பையில் குடிப்பது என்பதை இனி நீங்களே முடிவு செய்யுங்கள். தேர்தல்! வெல்பவர் முதல்வர்!"

இன்னமுதர் செங்கோப்பை அணி கண்டார். அம்பலத்தரசர் பச்சைக்கோப்பை அணி கண்டார். கடைக்குப் பின்னால் இருந்த பழைய பீப்பாயில் ஒரு குழாய்க்கு இரண்டு குழாயாக வைத்தார்கள். எங்கள் கண்ணெதிரேதான் வைத்தார்கள். ஆனாலும் செங்கோப்பையில் இனிப்பு தூக்கல் என்று நாங்கள் சொன்னோம். பச்சையில் வயிற்றுக்குக் குளிர்ச்சி என்று எதிர்வீட்டார் சொன்னார்கள். எங்கள் தெருவில் நிச்சயமான ஒரு கல்யாணம், மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் பச்சைக்கோப்பை வைத்தார்கள் என்று நின்றுபோனது.

தவசிக்கு உடம்பு தேறியதும் அரசர் அவனுக்குத் ‘தாகத் தளபதி’ பட்டம் கொடுத்தார். செங்கோப்பை படம் போட்ட பனியனையும் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டால்தான் களத்தில் இறங்கலாம் என்றார்கள். அவனுக்குச் சடுகுடு தவிர வேறு தொழில் தெரியாது. போட்டுக்கொண்டான்.

பூவாத்தா தேர்தலில் நின்றாள். சின்னம் பானை. புங்க மரத்தடியிலேயே பேசினாள்.

"நான் ஜெயிச்சா ஒண்ணும் தரமாட்டேன். கதவைத் திறந்து வைப்பேன். அவங்கவங்க சோறு, அவங்கவங்க தண்ணி. அவ்வளவுதான்."

எங்களில் ஒருவர் தயங்கிக் கேட்டார்: "இலவசமா ஏதாச்சும்...?"

"உங்க வீட்டுத் தண்ணியை உங்களுக்கு நான் என்னத்தை இலவசமாக் கொடுக்கிறது?"

நியாயம்தான் என்று எல்லோரும் தலையாட்டினோம். உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள் என்றோம். ஒரு சொம்பு மோரும் குடித்தோம்.

வாக்குப்பதிவு உச்சி வெயிலில் அரங்கத்துக்குள் நடந்தது. நுழையும்போது கடலைப் பொட்டலம் கொடுத்தார்கள். வாக்களித்து வெளிவரும் இடத்தில் இரண்டு கடைகள் இருந்தன. செங்கோப்பைக்குப் போட்டால் செங்கோப்பையில் அமுது, பச்சைக்குப் போட்டால் பச்சையில் அமுது. பானைக்குப் போட்டால் நேரே வாசலுக்கு வழி. தின்ற கடலை தொண்டையில் நின்றது. நாங்கள் என்ன செய்தோம் என்பதை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை.

பச்சைக்கோப்பை வென்றது. பானைக்கு விழுந்த வாக்குகளை எண்ண அதிகாரிகளுக்கு உட்காரக்கூட வேண்டியிருக்கவில்லை. அன்று மாலை நாங்கள் ஒவ்வொருவராகப் புங்க மரத்தடிக்குப் போய், "நான் உனக்குத்தான் போட்டேன் தாயி" என்று துக்கம் விசாரித்தோம். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"எல்லாரும் எனக்குத்தான் போட்டிருக்கீங்க. பானையிலதான் ஓட்டை இருந்திருக்கும் போல."

கடைசியாகத் தவசி வந்தான். பனியனைக் கழற்றவில்லை. அவளை நிமிர்ந்து பார்க்காமலே பேசினான். "நெஞ்சில கோப்பையை மாட்டிக்கிட்டுப் பானைக்கு எப்படிக் குத்துறது பூவு? கை வரல."

பூவாத்தா சொம்பை நிரப்பி அவன் கையில் கொடுத்தாள். "குடி. நாளைக்கு ஆட்டம் இருக்கு. குரல் வேணும்ல."

அவன் குடித்துக்கொண்டே அழுதான். நாங்களும் அழுதோம். எங்களுக்கு அழுவதும் நன்றாக வரும்.

மறுநாள் அரங்கத்தில் ஆட்டத்தோடு வெற்றி விழாவும் நடந்தது. புதிய முதல்வர் அம்பலத்தரசரும் எதிர்க்கட்சித் தலைவர் இன்னமுதரும் ஒரே மேடையில் வீற்றிருந்தார்கள். மேடையில் அமுது வைக்கப்பட்டிருந்தது. இருவரும் அதைத் தொடவில்லை. வெயில் ஏறியதும் ஒரு சேவகன் புங்க மரத்தடிக்கு ஓடினான்.

"முதல்வர் ஐயாவுக்கு ஒரு பானை மோர் வேணுமாம். உள்ள கொண்டாங்க. உங்களுக்கு மட்டும் தனி அனுமதி."

"உள்ள எதுக்கு? வெளித்தண்ணி கூடாதுன்னு சட்டம் இருக்குல்ல? அவருக்கு வேணும்னா வெளிய வந்து வரிசையில நிக்கச் சொல்லு."

ஆச்சரியம், வந்தார்கள். முதல்வர் முன்னால், இன்னமுதர் அவருக்குப் பின்னால். இருவரும் வெளியே போனதும் கதவு எங்களுக்காக மறுபடி பூட்டப்பட்டது. மேல் படிக்கட்டில் இருந்தவர்கள் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தோம். மரத்தடியில் எங்கள் தலைவர்கள் இருவரும் சொம்பைத் தூக்கி அண்ணாந்து மடக் மடக்கென்று குடிப்பது தெளிவாகத் தெரிந்தது.

தாங்கள் விற்பதைத் தாங்கள் குடிப்பதில்லை என்ற உண்மை அதோ மரத்தடியில் நின்று வாயைத் துடைத்துக்கொண்டிருந்தது. எங்களில் ஒருவர் நாத்தழுதழுக்க எழுந்தார்.

"பாத்தீங்களா? மகராசன்! சாதாரண சனத்தோட சனமா வரிசையில நின்னு மோர் குடிக்கிறாரு! எவ்வளவு எளிமை!"

அவ்வளவுதான். அரங்கம் பிளந்தது. "எளிமையின் சிகரம் வாழ்க!" என்று மேல் படிக்கட்டு தொடங்கியதைக் கீழ்ப் படிக்கட்டு பிடித்துக்கொண்டது. பார்த்தவர்கள் கத்தினோம், பார்க்காதவர்கள் இன்னும் உரக்கக் கத்தினோம். கத்திக் கத்தித் தொண்டை வறண்டுபோனது. பிறகு மெல்லப் படியிறங்கி, பச்சைக் கடைக்கு முன்னால் வரிசையில் நின்றோம்.