பாவுக்கு வந்த வெளியாள்

"இதுல ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா 'பாவு' தனியா நின்னுக்கும் சார்," என்று காகிதத்தை நீட்டினான் விமல்ராஜ்.

ஸௌந்தரராஜனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டுப்புடவைக்கு பார்டர் வரையும் 'பாவு' மென்பொருளை 2000-இல் எழுதியவர் அவர். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று அதன் 'கோட்' முழுவதையும் ஊருக்கே திறந்துவிட்டவரும் அவர்தான். அவருடைய கம்ப்யூட்டர் சென்டரில்தான் விமல்ராஜும் இன்னும் சிலரும் ஆறு வருஷமாக அதை வளர்த்தார்கள். இப்போது ஃபோன் வந்தால், "விமல் சார் இருக்காரா?" என்கிறார்கள். வாலாஜாபாத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவன் சாராம்! அவர் இல்லாமல் தனிக் குழுவாம்!

"நாமளே எழுதி நாமளே ரெடின்னா எப்படிப்பா? வெளியாள் ஒருத்தர் கோடைப் பார்த்துச் சொல்லட்டும்."

"வெளியாளுக்கு எங்க சார் போறது?"

"வருவார், வருவார்."

அன்று சாயங்காலமே வந்தார். ஸௌந்தரராஜன் புது ஈமெயில் திறந்து, ஓரிக்கை ஊர்க்காரர் மயில்வாகனம் ஆகிவிட்டார். பெருமாள் கோயில் குடும்பத்துக்காரருக்கு முருகன் பெயர். எவனுக்குச் சந்தேகம் வரும்?

மயில்வாகனம் குழுவுக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே பதினொரு குறைகளைப் போட்டுத் தாக்கினார். விமல்ராஜ் இரண்டே நாளில் அத்தனையையும் சரிசெய்து நன்றியும் சொன்னான். 'பாவு' முன்னைவிட நன்றாக ஓடித் தொலைத்தது.

அவர்கள் மானம் போகட்டும் என்று, பார்டர் முனை திரும்பும் பகுதியைத் தானே புதிதாக எழுதி, "இப்படி எழுதணும், தெரிஞ்சுக்கோங்க" என்று அனுப்பினார் மயில்வாகனம்.

"சூப்பர்!" என்று குதித்தாள் குழுவிலிருந்த சத்யப்ரியா. "நம்ம சார் எழுதினதுகூட இவ்ளோ தெளிவா இல்லப்பா!"

ஸௌந்தரராஜனுக்கு வயிறு எரிந்தது. நேற்று முளைத்த மயில்வாகனம் அவரைவிட ஒசத்தியா? சொந்தப் பெயரில் அந்தக் கோடைக் கிழிகிழியென்று கிழித்து எழுதினார். குழுவே மயில்வாகனத்துக்குப் பரிந்துகொண்டு வந்தது. மயில்வாகனமாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நல்ல கோடைத் திட்டினால் பொறுக்குமா? அவரும் பதில் எழுதி ஸௌந்தரராஜனைத் தோற்கடித்தார்.

சனிக்கிழமை சென்டரில் எல்லோரும் கூடினார்கள்.

"வெளியாளும் பாத்துட்டாரு, ஓட்டும் போட்டாச்சு சார்," என்றான் விமல்ராஜ். "'பாவு' தனியா நிக்க ரெடி. தலைவரு மயில்வாகனம் சார்."

"நீ இல்லையா?"

"நான் எதுக்கு சார்? அவருதான் வேணும்னு எல்லாரும் சொல்லிட்டாங்க."

ஸௌந்தரராஜன் மேஜையைக் குத்தினார். பெற்ற பிள்ளையை எவனோ தூக்கிக்கொண்டு போவதுபோல் இருந்தது. அந்த எவனோ தான்தான் என்பதுகூட அந்தச் சமயத்தில் உறைக்கவில்லை. உறைத்தபோது கத்தியே விட்டார்.

"அந்த மயில்வாகனமே நான்தான்யா!"

சென்டரில் பிரிண்ட் எடுக்கும் கமலவேணி தாள்களை அடுக்கிக்கொண்டே சொன்னாள்:

"உங்கள மாதிரியே லெட்டருக்கு லெட்டர் தலையில 'ஸ்ரீமதே ராமாநுஜாய நம:'ன்னு எழுதற மயில்வாகனம் யாருன்னு மொத நாளே எல்லாருக்கும் தெரியும் சார்; தெரிஞ்சிக்கினுதான் ஓட்டுப் போட்டாங்க."