வாசலுக்கு நாலடி முன்னால்

உலகத்தில் எந்தத் திருடனையும் துரத்தாமலேயே பிடித்த ஒரே போலீஸ்காரர் எங்கள் கோல்கீப்பர் ஏட்டய்யாதான். நாமக்கல் சாலையில், புதுச்சத்திரத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருந்த சின்னப் புறக்காவல் நிலையம் அவருடைய ராஜ்ஜியம். சேலம் அம்மாபேட்டைக்காரர். பந்தாடச் சம்பளம் கொடுப்பார்கள் என்றால் யாரும் நம்பாத காலத்தில், கொல்கத்தாவில் ஒரு கால்பந்து கிளப்புக்கு மாதச் சம்பளத்தில் கோல் காத்தவர். முட்டி போனது, காக்கி வந்தது.

ஆட்டம் மட்டும் அவரை விடவில்லை. யாராவது மனு கொடுத்தால் முதலில் இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துக்கொள்வார். பிறகு காகிதத்தை இரு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொள்வார். கொடுத்தவரே திருப்பிக் கேட்டாலும் கிடைக்காது.

ஒருமுறை ஆட்டுத் திருடன் சோளக்காட்டுக்குள் ஓடினான். ஊரே பின்னால் ஓடியது. இவர் மட்டும் நிதானமாக மறுபக்கம் போய், வேலியில் இருந்த ஒரே சந்தில் கையை விரித்து நின்றார்.

"ஏனுங்க, நீங்க தொரத்தலீங்களா?" என்று ஆட்டுக்காரர் அலறினார்.

"கோல்கீப்பர் எங்கயாச்சும் தொரத்துவானா? பந்து தானா வரும் சாமி. பேசாம நில்லுங்க."

வந்தது. ஆட்டோடு.

எல்லாவற்றிலும் வேடிக்கை அவர் காவல் நிற்கும் இடம். நிழலான வாசலை விட்டுவிட்டு, நாலடி முன்னால், கொதிக்கிற வெயிலில் நிற்பார். இளம்பிள்ளையில் நெய்த சேலைகளை வேனில் ஏற்றிக்கொண்டு அந்த வழியே போகும்போதெல்லாம் ஹாரன் அடித்துக் கேலி செய்வேன். ஒருநாள் நிறுத்தியே கேட்டுவிட்டேன்.

"கோட்டு மேல நின்னா கோல் பெருசாத் தெரியும் கண்ணு. முன்னால வந்து நின்னா அடிக்கறவனுக்கு எடமே தெரியாது."

சிரித்துக்கொண்டே கிளம்பினேன்.

அடுத்த மாதமே, அதே இடத்துக்குப் பக்கத்தில், பால் கேனோடு மொபெட்டில் போன ஒரு பெரியவரை என் வேன் இடித்துவிட்டது. தப்பு என்னுடையது, அவசரத்தில் இடப்பக்கமாக முந்தினேன். அவர் அசையாமல் கிடந்தார். இறங்கித் தூக்கியிருக்க வேண்டும். நான் ஓடினேன். நின்றால் அடித்தே கொன்றுவிடுவார்கள் என்ற பயம் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு எப்போதும் உண்டு. ஓடிப்போய்க் காவல் நிலையத்து மேசைக்கு அடியில் புகுந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பின்னாலேயே பெருங்கூட்டம், கையில் கல்லும் கட்டையுமாக. ஏட்டய்யாவைத் தவிர அங்கே வேறு போலீஸ் இல்லை. மேசைக்கடியிலிருந்து திறந்த வாசல் வழியே அவர் முதுகு மட்டும் தெரிந்தது. நாலடி முன்னால், கைகளை விரித்தபடி.

"அவன வெளிய உடுங்க ஏட்டய்யா! பெருசு செத்துப்போச்சு!"

"சாகலீங்க. ஆம்புலன்சு வருது. மொதல்ல அவரப் போயிப் பாருங்க. இவன நான் பாத்துக்கறேன்."

ஒரு கல் வந்தது. பிடித்தார். இன்னொன்று; அதையும் பிடித்தார். மூன்றாவது நெற்றியில் பட்டது. விரித்த கை இறங்கவில்லை. ரத்தத்தைப் பார்த்ததும் கூட்டம் தயங்கியது. "பெருசு கண்ணு முழிச்சுட்டாருங்க!" என்று சாலையிலிருந்து யாரோ கத்திய பிறகுதான் கலைந்தது.

நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தவரின் காலில் விழுந்தேன்.

"எந்திரி. காப்பாத்துனது வேற, கேசு வேற."

நடந்ததை எழுதி வாங்கி, அந்தக் காகிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். லைசென்ஸ் ஆறு மாதம் போனது. கால் முறிந்து கிடந்த பெரியவர் முன்னால் என்னைக் கொண்டுபோய் நிறுத்தி, மன்னிப்புக் கேட்கவைத்ததும் அவர்தான்.

போன மாதம் அம்மாபேட்டையில் ஏட்டய்யா காலமானார். பந்து பிடித்தே கோணிப்போன விரல்களை நெஞ்சின்மேல் சேர்த்துவைத்திருந்தார்கள். எதையோ விடாமல் பிடித்திருப்பது போல இருந்தது. அழுதேன். அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல், பந்தல் நிழலைத் தாண்டி, அவர் வீட்டு வாசலுக்கு நாலடி முன்னால் வெயிலில் போய் நின்றேன். அவரை எடுக்கும்வரை நகரவில்லை.