பேகூரில் ஏழு நாற்காலி பிடித்த ஞாயிற்றுக்கிழமை

குடும்பத்தோடு வெளியே கிளம்பினால் ஒருவராவது தலைகளை எண்ண வேண்டும் என்பது என் கொள்கை. தொழிற்சாலை ஸ்டோர்ஸில் காலம் தள்ளியவன் நான். படியேறும்போதுகூடப் படிகளை எண்ணுவேன். (எதற்கு என்று கேட்காதீர்கள். எண்ணாமல் ஏறினால் மூச்சு வாங்குகிறது.) எண்ணிக்கை சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று ரிட்டையரான பிறகும் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், இலையில் சாம்பார் விழுவதற்கு முன்னால் போயிற்று.

என் மகள் சுகன்யாவுக்கு வேலூரிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பையன் பிரபுவுக்கும் அவளுக்கும் பேசிப் பிடித்துப்போயிருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, பேகூரில் குடியிருப்பது என்றும் இருவரும் முடிவு செய்துவிட்டார்கள். பையனின் அம்மாவுக்கு அதுதான் தொண்டையில் சிக்கியது.

"பெங்களூருன்னு சொல்லிட்டு ஊருக்கு வெளிய கொண்டுபோய் வெக்கிறீங்களே! ஒரு ஞாயித்துக்கெழமைன்னா புள்ளைங்க எங்க போகும், எங்க சாப்பிடும்?" என்று போனில் கேட்டார்.

"நேர்ல வந்து பாருங்கம்மா. எங்க ஏரியாவுல இல்லாதது கடல் மட்டும்தான்" என்று சொல்லிவிட்டேன். (வார்த்தைகளை மட்டும் நான் எண்ணுவதில்லை.)

"அப்ப நாலு பேர் வரோம். எங்க அண்ணனும் வராரு. எங்க வீட்ல அவர் சொல்றதுதான் முடிவு" என்றார் போனை வாங்கிய பையனின் அப்பா.

அவர்கள் நாலு, நாங்கள் மூன்று. ஆக ஏழு. காலையில் ஏரிக்கரையில் நடை, மதியம் மெயின் ரோட்டில் இலைச் சாப்பாடு என்று திட்டம் போட்டேன். அந்த ஞாயிறு காலையில் பையனின் அப்பா என் மனைவி விமலாவைக் கூப்பிட்டு, அண்ணன் ஓசூரில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு நேராகச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார் என்றாராம். விமலா அதை என்னிடம் சொன்னாளாம். நான் தண்ணீர் பாட்டில்களை எண்ணிக்கொண்டே "ம்" என்றேனாம். எனக்கு நினைவில்லை.

ஏரி வாசலில் அவர்கள் கார் நின்றது. பிரபு, அவன் அப்பா, அம்மா இறங்கினார்கள். பக்கத்தில் வெள்ளைச் சட்டையும் குல்லாயுமாக ஒரு பெரியவர். எண்ணினேன். ஏழு. மனம் குளிர்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வாங்க, வாங்க! அலைச்சல் ஒண்ணும் இல்லையே?"

"என்ன அலைச்சல்! தினம் நடக்கற கால்தானே. நீங்க வாங்க" என்றார் அவர். எவ்வளவு எளிமையான மனிதர் என்று வியந்தேன்.

ஏரியில் காற்று நன்றாக வீசியது. நீர்க்காகங்கள்கூட எனக்காகவே வந்து உட்கார்ந்ததுபோல் வரிசையாக இருந்தன. பையனின் அம்மா முகம் மலர்ந்து, "நல்லாத்தாங்க இருக்கு" என்றார்.

"இப்ப நல்லாத்தான் இருக்கும். மழை முடிஞ்சப்புறம் வந்து பாருங்க, கொசு ஆளையே தூக்கிட்டுப் போயிடும்" என்றார் பெரியவர்.

முடிவு சொல்ல வேண்டியவரே இப்படி ஆரம்பித்தால்?

"கொசு எங்கதாங்க இல்ல?" என்று சிரித்தேன்.

"அய்யோ, இங்கத்துக் கொசு வேற ஜாதி சார். தண்ணியும் அப்படித்தான். வெயில் வந்துட்டா டேங்கர்தான். ஆபீஸ் நேரத்துல ஓசூர் ரோடு ஏறணும்னா சாப்பாடு கட்டிட்டுத்தான் கிளம்பணும்."

கரையைச் சுற்றி முடிப்பதற்குள் அவர் சாக்கடை, தெருநாய், கரண்ட் கட் எல்லாவற்றையும் தொட்டுவிட்டார். நான் ஒவ்வொன்றுக்கும் சமாதானம் சொல்லி வியர்த்தேன். வேலூர்க்காரருக்கு எங்கள் பேட்டைக் கொசு எப்படித் தெரியும் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். விசாரித்துவிட்டு வந்திருக்கிறார், கெட்டிக்காரர் என்று பயம்தான் கூடியது.

நடை முடிந்ததும் அவர் கும்பிட்டார். "அப்ப நான் வரேன் சார். வீட்ல சாப்பாடு ரெடியா இருக்கும்."

கோபித்துக்கொண்டு கிளம்புகிறார் என்று எனக்கு உயிரே போய்விட்டது. "சாப்பிடாம போனா எப்படிங்க? எங்களுக்கு மரியாதையா?" என்று கையை இழுத்து அவர்கள் காரின் முன்சீட்டில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன். (வேலூரில் வடித்த சோறு பேகூரில் எப்படி ரெடியாக இருக்கும்? அதையும் கேட்கவில்லை.)

நாங்கள் மூவரும் ஆட்டோவில் முந்திக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை இந்த ஊர்ச் சாப்பாட்டு ஓட்டல்களில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் வந்து நின்றுகொள்வார். நீங்கள் ரசத்திலிருந்து மோருக்கு எப்போது போகிறீர்கள் என்று மேலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பார். நானும் அப்படி நின்று இரண்டு மேஜைகளைப் பிடித்துச் சேர்த்தேன். பஸ் சீட்டுக்குத் துண்டு போடுவதுபோல் குடை, கைக்குட்டை, கண்ணாடிக்கூடு என்று போட்டு ஏழு நாற்காலிகளையும் காவல் காத்தேன்.

கார் வந்தது. பெரியவரை மேஜையின் தலைப்பக்கத்தில் உட்காரவைத்தேன். பிரபுவும் பெற்றோரும் கை கழுவப் போனார்கள். அப்போது கையில் தோல்பையோடு ஒருவர் வந்து சுகன்யாவை உற்றுப் பார்த்துவிட்டு, அவளுக்குப் பக்கத்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"சார், இன்னும் இலையே போடல. அடுத்த டேபிள் பாருங்க" என்றேன்.

"இல்லீங்க, நான் வந்து..."

"எல்லாரும் வந்துதான் நிக்கறாங்க! பொம்பளப் புள்ள பக்கத்துல இப்படி நின்னு மொறச்சா சோறு எறங்குமா? நவுருங்க!"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வெளியே போனார். ஒரு வேலை முடித்த திருப்தியோடு உட்கார்ந்தேன். இலை போட்டு அப்பளமும் வைத்தார்கள்.

கை கழுவி வந்த பையனின் அப்பாவுக்குப் போன் வந்தது. கேட்கக் கேட்க முகம் மாறியது.

"அண்ணன் வந்துட்டாராம். வெளிய ஸ்டூல்ல உக்காந்திருக்காரு. உள்ள யாரோ ஒரு கெழவன் வெரட்டிட்டானாம்."

"எந்த அண்ணன்?" என்று கேட்டுவிட்டு மேஜையின் தலைப்பக்கம் பார்த்தேன். "அப்ப இவரு?"

"இவரு உங்க அண்ணன் இல்லீங்களா?" என்றார் அவர்.

"நான் அவங்க மாமான்னு நெனச்சேன்" என்றாள் விமலா மெதுவாக.

எல்லோரும் பார்த்ததும் பெரியவர் அப்பளத்தைக் கீழே வைத்தார். "நான் முனியப்பா. ஏரிக்கு எதிர்த்த லேஅவுட். நான் போறேன்னுதான் சொன்னேன், இந்த சார்தான் புடிச்சுக் கார்ல ஏத்தினாரு."

சம்பந்தி வீட்டுப் பெரியவரிடம் நீங்கள் யார் என்று கேட்பது மரியாதை இல்லையே! அந்த மரியாதையில்தான் இரண்டு குடும்பமும் அவரைச் சுமந்து வந்திருந்தது.

நான் வெளியே ஓடி, ஸ்டூலில் இருந்தவரை இரண்டு கையும் கூப்பி அழைத்து வந்தேன். எட்டு பேர், ஏழு நாற்காலி. என்னுடையதைக் கொடுத்துவிட்டு, அந்தச் சாப்பாடு முடியும்வரை பிரபுவின் பெரியப்பா நாற்காலிக்குப் பின்னால் நானே நின்றேன். இந்த வரன் போய்விட்டது, சுகன்யாவின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது பையனின் அம்மா வாயைத் திறந்தார்.

"ஒண்ணு சொல்லணுங்க. இவர உங்க வீட்டு ஆளுன்னு நெனச்சேன் பாருங்க, பொண்ணு வீட்டுக்காரங்களே கொசுவையும் தண்ணியையும் மறைக்காம சொல்றாங்களேன்னு காலைலயே எனக்கு மனசு ஆறிப்போச்சு."

"நீ என்னண்ணா சொல்ற?" என்று பையனின் அப்பா கேட்டார்.

பெரியப்பா பாயசத்தை வழித்து முடித்தார். "புள்ளைங்களுக்குப் புடிச்சிருக்கு. எனக்கென்ன? ஆனா என் பின்னாடி ஒருத்தர் நிக்கறாரு, அவர மொதல்ல நவுரச் சொல்லுங்க. சோறு எறங்கல."

கல்யாணப் படத்தில் முனியப்பா இரண்டு வீட்டாருக்கும் நடுவில் நிற்கிறார். இப்போதும் குடும்பத்தோடு சாப்பிடப் போனால், பெரியப்பா உட்காராமல் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "சார், இலை போட்டாச்சா?" என்கிறார். நான் பழக்கம் விடாமல் தலைகளை எண்ணி, "சரியா இருக்கு" என்பேன்.

"இருக்கட்டும். யாரு என்னன்னு கேட்டீங்களா?" என்பாள் விமலா.